புளியமர ஏலமும் கண்மாய்க் கணக்கும்

தாத்தாவின் டிரங்குப் பெட்டியைப் பங்கு பிரித்தபோது பெரியப்பாவுக்குப் பத்திரங்கள், அப்பாவுக்குக் கைக்கடிகாரம். எனக்குக் கிடைத்தது யாருக்கும் வேண்டாத ஒரு ரசீது. ஜில்லா போர்டு கொடுத்தது. வருஷம் இருந்த மூலையைக் கரையான் தின்றுவிட்டது. மிச்சத்தில் வாசிக்க முடிந்தது இவ்வளவுதான்: ரோட்டோரப் புளியமரங்கள், இந்த நம்பரிலிருந்து இந்த நம்பர் வரை, ஒரு வருஷ மகசூல், ஏலத்தொகை பற்று வைக்கப்பட்டது.

ரோட்டுப் புளியமரம் யாருக்கும் சொந்தமில்லை என்றுதான் சின்ன வயதில் நினைத்திருந்தேன். கோவில்பட்டியிலிருந்து எங்கள் ஊருக்கு வரும் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து, மரத்தில் எழுதியிருக்கும் நம்பர்களை எண்ணிக்கொண்டு வருவேன். நம்பர் எதற்கு என்று கேட்டதில்லை. அப்பா பிறகு சொன்னார்: "மாசி பங்குனியில தாத்தா கட்டிலத் தூக்கிட்டு ரோட்டுக்குப் போயிருவாரு. ஏலம் எடுத்த மரத்த ராத்திரி எவனாச்சும் உலுக்கிட்டுப் போயிட்டா போர்டுக்காரனா காசத் திருப்பிக் குடுப்பான்?"

அந்த ஒற்றை ரசீதைப் பிடித்துக்கொண்டு உள்ளாட்சிச் சட்டங்கள், பழைய நிர்வாகக் கதைகள் என்று படிக்க ஆரம்பித்தேன். கரிசல்காட்டில் ஊர்ச் சபைகளும் போர்டுகளும் ஒன்றியங்களும் மரத்தையோ தண்ணீரையோ மண்ணையோ காப்பாற்றிய வரலாறு என்று ஒன்று இருந்தால், அது பெரும்பாலும் அவற்றையே விற்ற காசில் நடந்த வரலாறு. புளியை விற்று ரோட்டோர மரம். கருவேலத்தை விற்று, மீன்பாசியை ஏலம் விட்டு ஊராட்சி. இதில் என்ன தப்பு என்று கேட்கலாம். நானும் கேட்டுக்கொண்டேன். எங்கள் கண்மாயின் கதை தெரிந்த பிறகுதான் பதில் கொஞ்சம் பிடிபட்டது.

முதலில் வரி. 1871-ல் மதராஸ் மாகாணத்தில் உள்ளூர் நிதிச் சட்டம் வந்தது. 1884-ல் ஜில்லா போர்டு, தாலுகா போர்டு, அதற்குக் கீழே யூனியன் என்ற அடுக்கு வந்தது. இவற்றின் முதுகெலும்பு நிலத்தின் மேல் போட்ட செஸ். அதோடு சுங்கச்சாவடி வசூல், படகுத்துறை, சந்தை, ரோட்டோர மரங்களின் மகசூல். செலவு ரோடு, பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, சுகாதாரம். சுற்றுச்சூழல் என்ற சொல்லே அந்தக் கணக்குப் புத்தகத்தில் கிடையாது. ஆனால் நிழல் இருந்தது, ஊருணி இருந்தது.

நிலத்தின் மேல் வரி என்றால் எந்த நிலம் என்பது கேள்வி. திருநெல்வேலி ஜில்லா ஒரே ஜில்லாவாக இருந்த காலம். தாமிரபரணிப் பாசனத்தில் முப்போகம் விளையும் நஞ்சைக்குத் தீர்வை அதிகம். கோவில்பட்டி, விளாத்திகுளம், எட்டயபுரம் பக்கம் வானம் பார்த்த புஞ்சை. வருஷத்துக்கு 700 மில்லிமீட்டர் சொச்சம் மழை, அதிலும் பெரும்பங்கு ஐப்பசி கார்த்திகையில். கம்பு, சோளம், பருத்தி, உளுந்து, மல்லி. தீர்வை குறைவு, அதனால் அதன் மேல் ஏறும் செஸ்ஸும் குறைவு. ஜில்லா போர்டு இருந்தவரை ஆற்றங்கரைக் காசு கரிசலுக்கும் கொஞ்சம் வர வழி இருந்தது. 1958-ல் காமராஜர் ஆட்சியில் புதுப் பஞ்சாயத்துச் சட்டம் வந்து, ஜில்லா போர்டு போய், பஞ்சாயத்து யூனியன்கள் வந்தன. ஜனநாயகம் ஊருக்குப் பக்கத்தில் வந்தது நல்ல விஷயம். ஆனால் ஒவ்வொரு யூனியனும் தன் எல்லைக்குள் இருக்கும் நிலத்தின் தீர்வையை நம்ப வேண்டியதாயிற்று. மழை குறைந்த இடத்தில் வரியும் குறைவு. கண்மாயைப் பேணும் தேவை மட்டும் அங்கேதான் அதிகம். இடைவெளியை மாநில அரசின் மானியம் நிரப்பியது. மானியம் என்றால் ஏற்கெனவே தலைப்பு எழுதி வரும் காசு என்பது உங்களுக்குத் தெரியும்.

இன்றைக்குச் செல்லுபடியாகும் 1994 பஞ்சாயத்துச் சட்டத்திலும் தல செஸ் நிலத்தீர்வையின் ஒவ்வொரு ரூபாய்க்கும் ஒரு ரூபாய்தான். புஞ்சை ஏக்கருக்குத் தீர்வை எவ்வளவு என்று உங்கள் வீட்டு ரசீதை எடுத்துப் பாருங்கள். சிரிப்பு வரும்.

இனி கண்மாய். கி.ரா.வைப் படித்துவிட்டு இடைசெவல் பக்கம் வருகிறவர்கள் கண்மாய்க்கரையில் நின்று போட்டோ எடுத்துக்கொண்டு போகிறார்கள். எடுக்கட்டும். அந்தக் கரைக்கு மண் போட்டது யார், யார் காசு என்பது கதையில் வராத வேறொரு கதை.

இந்த வட்டாரம் பெரும்பாலும் எட்டயபுரம் ஜமீன். ஜமீன் கண்மாயைப் பராமரிப்பது ஜமீன்தார் பொறுப்பு, வாரம் வாங்குகிறார் இல்லையா. 1876-78 பஞ்சத்துக்குப் பிறகு ஆங்கில அரசு கண்மாய்களை அளந்து சீர்செய்ய ஒரு திட்டம் தொடங்கியது. அது அரசு நிலத்துக் கண்மாய்களுக்கு, ஜமீன் கண்மாய்களுக்கு இல்லை. 1908-ல் வந்த எஸ்டேட் நிலச் சட்டத்தில் குடியானவர்கள் கலெக்டரிடம் மனுப் போட்டு, ஜமீன்தாரை மராமத்து செய்ய வைக்க வழி வைத்தார்கள். வாரம் கொடுக்கிற ஆள் வாரம் வாங்குகிற ஆள் மேல் மனுப் போடுவது அந்தக் காலத்தில் எவ்வளவு எளிது என்று யோசித்துக்கொள்ளுங்கள். 1948-ல் ஜமீன் ஒழிப்புச் சட்டம். ஜமீன்தார் போனார், கண்மாய் அரசுக்கு வந்தது, "முன்னாள் ஜமீன் கண்மாய்" என்று பேரோடு. தமிழ்நாட்டின் 39,202 கண்மாய்களில் பொதுப்பணித் துறைக் கணக்கில் 8,903, பஞ்சாயத்து யூனியன் கணக்கில் 20,413, முன்னாள் ஜமீன் என்று 9,886. எழுபத்தைந்து வருஷத்துக்கு மேல் ஆகியும் ஜமீன் என்ற சொல் அரசுப் பதிவேட்டில் குடியிருக்கிறது.

ஆயக்கட்டு 40 ஹெக்டேருக்கு, அதாவது 100 ஏக்கருக்கு மேல் இருந்தால் பொதுப்பணித் துறை (இப்போது நீர்வளத் துறை). கீழே இருந்தால் ஒன்றியம். எங்கள் கண்மாய் ஒன்றியத்தினுடையது.

அரசு, ஜமீன் இரண்டுக்கும் முன்பே ஒன்று இருந்தது, குடிமராமத்து. ஊரே கூடி கரை வெட்டி, மடை தூர்த்து, வாய்க்கால் செதுக்கி, காசில்லாமல் கண்மாயைக் காத்த பொற்காலம் என்று நம் ஆட்கள் முகநூலில் எழுதுவது இதைத்தான். 1858-ன் மதராஸ் கட்டாய உழைப்புச் சட்டத்தை வாசித்தபோது எனக்கு அந்தப் பொற்காலத்தில் கொஞ்சம் துரு தெரிந்தது. கம்பெனி ஆட்சியின் கடைசி வருஷம். வெள்ளம் வந்து கரை உடையும் ஆபத்தில் ஊர் ஆட்களைக் கட்டாயமாக வேலைக்குக் கூப்பிட அதிகாரிக்கு உரிமை தரும் சட்டம். அதிலேயே குடிமராமத்துக்கும் ஒரு பிரிவு: வழக்கப்படி செய்ய வேண்டிய உழைப்பை ஒருவர் செய்யாமல் விட்டால், அந்த உழைப்பின் மதிப்பைப் போல இரண்டு மடங்கு கட்ட வேண்டும். தானாக நடக்கிற காரியத்துக்கு யாரும் இரட்டை அபராதம் போட்டுச் சட்டம் எழுதமாட்டார்கள். 1858-லேயே அது நொண்டியடித்துக்கொண்டிருந்தது என்றுதான் நான் வாசிக்கிறேன்.

எங்கள் ஊரில் மடை திறந்து மூடும் பொறுப்பு மடைக்குடும்பர் வீட்டுக்கு. அந்த வீட்டுத் தாத்தா இறப்பதற்கு ஒரு வருஷம் முன் அவரிடம் குடிமராமத்து பற்றிக் கேட்டேன். ஆராய்ச்சி செய்கிற பிள்ளை என்ற தோரணையில் கேட்டிருப்பேன் போல. அவர் வெற்றிலையை மென்றுகொண்டே சொன்னார்: "பேரு நல்ல பேருதான் தம்பி. குடி அவுக, மராமத்து நாங்க."

அதற்கு மேல் அவர் பேசவில்லை. பேச வேண்டியதும் இல்லை. ஆயக்கட்டில் அவர் வீட்டுக்கு ஒரு செண்டு நிலம் கிடையாது. கரை உடைந்தால் ராத்திரியில் மண்வெட்டியோடு முதலில் ஓடுவது அவர்கள். தண்ணீர் பாய்வது எங்கள் தாத்தாவின் நஞ்சைக்கு. உழைப்பு வரியாக இருந்த காலத்தில் அந்த வரியை யார் கட்டினார்கள் என்ற கேள்வியைத் தவிர்த்துவிட்டு எழுதப்படும் கண்மாய் வரலாறு எனக்கு இப்போது ருசிப்பதில்லை.

ஒன்றியத்தின் கைக்குக் கண்மாய் வந்த பிறகு உழைப்புக்குப் பதில் காசு வேண்டியிருந்தது. வரியில் காசு இல்லை. உள்வாயில் மரம் இருந்தது.

1960-களிலேயே வனத்துறை கண்மாய் உள்வாய்களில் நாட்டுக்கருவேலம் நட ஆரம்பித்திருந்தது. 1981-ல் சுவீடன் நாட்டு உதவியோடு சமூகக் காடுகள் திட்டம் பெரிதாக வந்தது. ஊர் விறகுக்கும் ஆட்டுத் தீவனத்துக்கும் ஊரிலேயே மரம், வெட்டி விற்கும்போது வருமானத்தில் ஊராட்சிக்கும் பங்கு. யோசனை நல்லது. நாட்டுக்கருவேலம் தண்ணீரில் நின்றாலும் தாங்கும், நெற்றை ஆடு தின்னும், ஏர் செய்ய, வண்டிச் சட்டம் செய்ய உதவும். ஆனால் ஒன்றை மட்டும் கவனியுங்கள். தமிழ்நாட்டில் 1970-க்குப் பிறகு பஞ்சாயத்துத் தேர்தல் நடந்தது 1986-ல்தான். ஊரைப் பங்காளியாக்கும் திட்டம் வந்தபோது ஊருக்குத் தேர்தல் நடந்து பதினோரு வருஷம் ஆகியிருந்தது. எந்த மரம், எங்கே, எப்போது வெட்டுவது என்பதைச் சொல்ல வேண்டிய சபை அங்கே இல்லை.

நாட்டுக்கருவேலத்துக்கு நடுவே சீமைக்கருவை வந்து சேர்ந்தது. 19-ம் நூற்றாண்டின் பின்பாதியில் விறகுக்காக இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்ட மரம். கரிசலில் அதை யாரும் பாராட்டிச் சொல்லிக் கேட்டதில்லை, ஆனால் அது இல்லாமல் அடுப்பெரிந்த வீடும் இல்லை. விளாத்திகுளம், புதூர் பக்கம் கரிமூட்டம் போட்டு எத்தனையோ குடும்பம் பிழைத்திருக்கிறது. மழை பொய்த்த வருஷம் புஞ்சை கைவிடும், கரிமூட்டம் கைவிடாது. இதைச் சொல்லாமல் சீமைக்கருவையைத் திட்டுவது பட்டணத்துப் பேச்சு.

ஊராட்சியும் அதே கணக்கில்தான் விழுந்தது. உள்வாய் முழுக்கச் சீமைக்கருவை. சமூகக் காடுகள் சரகத்தில் மதிப்புப் போட்டுக் கொடுப்பார்கள், தண்டோரா அடிப்பார்கள், ஏலம். எடுத்தவர் தரைக்கு மேல் இருப்பதை வெட்டிக்கொண்டு போவார். தூரைத் தோண்ட அவருக்கு என்ன தலையெழுத்து? கரிக்கும் விறகுக்கும் தூர் தேவையில்லை. மழை பெய்ததும் தூரிலிருந்து நாலு கிளை எட்டு கிளையாகத் தழையும். மூணு நாலு வருஷத்தில் அடுத்த ஏலத்துக்குத் தயார். கண்மாயில் மண்மேடு ஏறும், தண்ணீர் பிடிக்கும் இடம் குறையும், ஆனால் ஊராட்சிப் பேரேட்டில் வரவு விழும். தெருவிளக்குக்கும் குழாய் ரிப்பேருக்கும் அந்தக் காசு போகும். கண்மாய் கெடக் கெட வரும் வருமானம் அது. அதை நிறுத்தச் சொல்லி ஊராட்சியிடம் கேட்பது, கடைக்காரரிடம் கடையை மூடச் சொல்வது மாதிரி. தாத்தா காவல் காத்த புளியமரம் வேறு வகை: பழத்தை உலுக்கினால் மரம் நிற்கும், அடுத்த வருஷமும் போர்டுக்கு அந்த மரம் உயிரோடு வேண்டும். (அந்த மரங்களில் பாதி ரோடு அகலமானபோது போய்விட்டன. அது தனிக் கதை.)

உலகத்தில் எல்லா இடத்திலும் இப்படித்தானா என்று தேடிப் பார்த்தேன். நெதர்லாந்தில் தண்ணீர் வாரியங்கள் என்று இருக்கின்றன. 13-ம் நூற்றாண்டிலிருந்து தொடர்ந்து வருபவை. கரையையும் வடிகாலையும் பார்ப்பது மட்டுமே அவற்றின் வேலை. அதற்கென்று தனித் தேர்தல், தனி வரி. நியூசிலாந்தில் 1989-ல் வட்டாரக் கவுன்சில்களை அமைத்தபோது எல்லைகளைப் பெரும்பாலும் ஆறுகளின் நீர்ப்பிடிப்பை ஒட்டிப் போட்டார்கள். வெள்ளத் தடுப்பால் பயன்பெறும் நிலத்துக்காரரிடம் அதற்கென்றே தனி வரி வாங்க வழி உண்டு. பணக்கார நாடு, மழை பெய்கிற நாடு, ஒப்பிடக் கூடாது என்பீர்கள். சரி. காசை விடுங்கள், எல்லையை மட்டும் பாருங்கள். தண்ணீர் ஓடும் வழியும் நிர்வாகத்தின் எல்லையும் அங்கே கிட்டத்தட்ட ஒன்று.

எங்கள் கண்மாய் ஒரு சங்கிலியில் நடுக் கண்ணி. மேலே உள்ள பெரிய கண்மாய் நிறைந்து கலுங்கு பாய்ந்தால் எங்களுக்கு. எங்களுடையது மறுகால் போனால் கீழ்க் கண்மாய்க்கு. மேல்கண்மாய் நீர்வளத் துறை. எங்களது ஒன்றியம். இடையில் ஓடும் ஓடை வருவாய்த் துறைப் புறம்போக்கு. நட்ட கருவேலம் வனத்துறைக் கணக்கு. மீன்பாசி ஏலம் ஊராட்சிக்கு. வண்டல் கனிமவளத் துறை. ஒரு ஆள் கண்மாய்க்குள் இறங்கி நடந்தால் கால்மணி நேரத்தில் அஞ்சு ஆபீஸைத் தாண்டிவிடலாம்.

வண்டல் கதையும் வேடிக்கை. கோடையில் கண்மாய்க் கரம்பையை வண்டியில் அடித்துப் புஞ்சையில் போடுவது எங்கள் பக்கம் தலைமுறை தலைமுறையாக நடந்தது. கண்மாயும் தூர்ந்துபோகாது, காடும் சத்தாகும், யாருக்கும் பைசா செலவில்லை. பிறகு மண் கனிமமாகி, அனுமதி இல்லாமல் அள்ளினால் குற்றம் என்றாயிற்று. 2017-ல் விதியைத் தளர்த்தி, புஞ்சை ஏக்கருக்கு 90 கன மீட்டர், அதாவது 30 டிராக்டர் லோடு, நஞ்சைக்கு 25 லோடு இலவசம் என்றார்கள். ஆனால் அனுமதி கலெக்டரிடம். 2024-ல்தான் தாசில்தாரே கொடுக்கலாம் என்று வந்தது. முப்பது லோடு கரம்பைக்குத் தூத்துக்குடி வரை போய்வந்த எங்கள் சித்தப்பா, "பேசாம மூட்டை யூரியா வாங்கிப் போட்டிருப்பேன்" என்றார்.

அதே 2017-ல் குடிமராமத்து மறுபடி வந்தது, அரசுத் திட்டமாக. 100 கோடி ரூபாய், 1,519 வேலைகள், செலவில் பத்து சதவீதம் விவசாயிகள் பங்கு. காசாகவோ பொருளாகவோ உழைப்பாகவோ தரலாம். அந்த வருஷமே சீமைக்கருவையை அகற்றச் சொல்லி மதுரை உயர் நீதிமன்றக் கிளை உத்தரவிட்டு, ஊர் ஊராக ஜேசிபி இறங்கியது. சில மாதத்தில் சென்னையில் தலைமை நீதிபதி அமர்வு அதை இடைக்காலமாக நிறுத்தி வைத்தது. இரண்டு கூத்தும் நடந்தபோது தமிழ்நாட்டில் ஊராட்சித் தலைவர் என்று ஒருவரும் கிடையாது. 2016 அக்டோபரில் பதவிக்காலம் முடிந்து, 2019 டிசம்பரில்தான் அடுத்த தேர்தல். 1981-ன் மறுஒளிபரப்பு.

1992-ல் அரசியல் சட்டத்தின் 73-வது திருத்தம் ஊராட்சிகளுக்கு என்று 29 பொருள்களைப் பட்டியலிட்டது. மண்வளம், சிறுபாசனம், நீர்ப்பிடிப்பு மேம்பாடு, மீன்வளம், சமூகக் காடுகள், விறகும் தீவனமும் எல்லாம் அதில் இருக்கின்றன. பொருள் வந்தது, காசு நிபந்தனையோடு வந்தது. 15-வது நிதிக் குழு 2021-26-க்குக் கொடுத்த மானியத்தில் 60 சதவீதம் கட்டுண்ட நிதி. அதில் பாதி குடிநீர், மழைநீர் சேமிப்பு, மறுசுழற்சிக்கு, பாதி சுகாதாரத்துக்கு. மீதி 40 சதவீதத்துக்குள் ஊரின் மற்ற எல்லா அவசரமும் வரிசையில் நிற்கும். கண்மாய்க்கு ஓட்டு இல்லை என்பதால் வரிசையில் அது கடைசி.

2025 ஜனவரியில் எங்கள் மாவட்டத்தில் பதவிக்காலம் மறுபடி முடிந்தது. மறுபடி தனி அலுவலர். அதற்குக் கொஞ்ச நாளில் எங்கள் ஊர் நோட்டீஸ் போர்டில் ஒரு தாள் ஒட்டினார்கள்: கண்மாய் சீமைக்கருவை ஏலம்.

இந்தத் தடவை நாமே எடுத்தால் என்ன என்று சொன்னது என் சித்தப்பா மகன். சிவகாசியில் வேலை பார்க்கிறான். ஏலத்தை ஊரே எடுப்பது, மரத்தை விற்ற காசோடு ஊர்க்காசையும் சேர்த்துத் தூரோடு தோண்டுவது, ஏலத்தில் தூரெடுப்பையும் நிபந்தனையாகச் சேர்க்கச் சொல்லித் தனி அலுவலருக்கு மனுக் கொடுப்பது. வாட்ஸ்அப் குரூப்பில் எல்லாரும் கும்பிடு போட்டு ஆமோதித்தார்கள். திருப்பூர், சென்னை, துபாயில் இருக்கிறவர்கள் முதலில். ஊரில் இருக்கிறவர்கள் கொஞ்சம் யோசித்து.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் வேப்பமரத்தடியில் கூடினோம். ஜேசிபி வாடகை மணிக்கு எவ்வளவு, எத்தனை மணி நேரம், விறகு என்ன விலைக்குப் போகும் என்று தம்பி நோட்டில் எழுதிக்கொண்டே வந்தான். விறகுக் காசு ஏலத்தொகைக்குச் சரியாகப் போய்விடும், தூரெடுக்கும் செலவு முழுதும் ஊர் தலையில் என்று கணக்கு நின்றது. தலைக்கட்டுக்கு இவ்வளவு என்று வரி போட்டால் வந்துவிடும் என்றார் பெரியப்பா. நிலம் இருக்கிறவர், இல்லாதவர் எல்லாருக்கும் ஒரே வரியா என்று யாரோ கேட்டார்கள். ஊர்ப் பொதுக்காரியம்தானே, கோயில் வரி மாதிரி என்று பதில் வந்தது.

மடைக்குடும்பர் வீட்டுப் பேரன் கோவில்பட்டியில் ஆட்டோ ஓட்டுகிறான். என்னோடு ஆறாவது வரை படித்தவன். அதுவரை வண்டியில் சாய்ந்து நின்றுகொண்டிருந்தவன் முன்னால் வந்தான்.

"காசு குடுப்போம் அண்ணாச்சி. எங்க தெருவுல ஒருத்தர் பாக்கியில்லாமக் குடுப்போம். மீன்பாசி ஏலத்துல எங்களுக்கு என்ன, கரம்பை அள்ளுனா எத்தனை லோடு, உள்வாய்ல ஆடு மேய்ச்சா எவன் வெரட்ட மாட்டான், அத மொதல்ல எழுதுங்க. அப்புறம் வரியப் போடுங்க."

யாரும் உடனே பேசவில்லை. பெரியப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். தம்பி நோட்டில் புதுப்பக்கம் புரட்டி, தேதி போட்டுவிட்டு, என்ன எழுத என்பது போல என்னைப் பார்த்தான். ஏலத்துக்கு இன்னும் ஒன்பது நாள் இருந்தது.